நில்மினியின் முன்பல்

அட்டனில், பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில்
அடகுக் கவுண்டர் நாலில்
எனக்கு நாற்காலி தந்தபோது
வாய் நிறையத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அப்படித்தான்.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருத்தி சிரித்தால்
கீழ்மலையிலிருந்து "என்னாடி அது?" என்று சத்தம் வரும்.

மூன்று மாதம் போயிருக்கும்.
ஒரு ஞாயிறு, ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா
என் கையையே பார்த்தாள்.
"பல்லு வலிக்குதா?"
இல்லையே என்றேன்.
"அப்பறம் ஏன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற?"

நில்மினி அக்கா அப்படித்தான் சிரிப்பார்.
கவுண்டர் இரண்டு, கண்டிப் பக்கத்துக்காரி.
விரல்களைச் சேர்த்து, உதட்டில் படாமல்,
ஜன்னல் திரையை இழுத்துவிடுகிற மாதிரி.
நான் பழகவில்லை, யாரும் பழக்கவுமில்லை.
அட்டன் பனி சட்டைக்குள் புகுவதற்கு
யாரிடம் கேட்டுக்கொண்டு புகுந்தது?

கூட வேறென்ன வந்ததென்று
அன்று ராத்திரி கணக்குப் பார்த்தேன், தொழில் புத்தி.
சீனியில்லாத தேத்தண்ணி வந்திருந்தது.
உள்ளங்கையில் சீனி கொட்டி, நக்கி நக்கிச்
சாயத்தண்ணி குடித்து வளர்ந்த ஆள் நான்.
மனேஜர் குடிக்கிறாரே என்று
கசக்கக் கசக்கக் குடித்தேன்.
இப்போது சீனி பட்டால் குமட்டுகிறது.
நடிப்பில்லை, சத்தியமாகக் குமட்டுகிறது.
ஐயோவுக்குப் பதில் 'அனே' வருகிறது,
காலில் முள் குத்தினாலும்.
மஞ்சள் எனக்கு எடுபடாது என்று
சாரிக் கடையில் சொல்லிவிட்டு வருகிறேன்.
தீபாவளிக்கு மஞ்சள் கவுன்தான் வேண்டுமென்று
வாசல்படியில் உருண்ட பிள்ளை
எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாளோ.

அத்தை வந்தாள் ஒரு நாள். ஒரு சோடித் தோடு.
மகனுக்குப் பரீட்சைக் கட்டணம்.
"அடையாள அட்டை இருக்குங்களா?"
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
என் வாய்தான் கேட்டது.
அத்தை ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு, "இந்தாங்க மிஸ்."
கேலியா மரியாதையா, இன்றுவரை தெரியாது.
நான் தராசைப் பார்த்தேன்.
நாலு கிராம் சொச்சம்.

நில்மினி அக்கா பிரசவ லீவில் போகும் நாள்
கேக் வெட்டினோம்.
ஏனக்கா வாயை மூடிச் சிரிக்கிறீங்க என்று
சும்மா கேட்டுவைத்தேன்.
"பத்து வயசில சைக்கிள்ல விழுந்து
முன்பல்லு பாதி போச்சு நங்கி.
மொதச் சம்பளத்தில கட்டிட்டேன்."
ஈ என்று காட்டினார். பழுதில்லாத வரிசை.
"கைக்குத்தான் இன்னும் தெரியாது."

பேராதனையில் ஏதோவொரு இறக்கத்தில்,
நான் பிறப்பதற்கும் முன்னால்,
உடைந்த பல் அது.
அதைத்தான் நான்
எங்கள் லயத்து அடுப்படி வரைக்கும்
பொத்திப் பொத்திக் கொண்டுபோயிருக்கிறேன்.

இப்போது கவுண்டர் இரண்டில் திலோஜினி.
பொகவந்தலாவை. இருபது வயது.
தேங்காய்ச் சில்லு போல் பற்கள்.
வந்த புதிதில் மூன்று கரண்டி சீனி.
போன கிழமை என் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு
"எனக்கும் சீனி வேணாண்ணே" என்றாள், முகம் சுளிக்காமல்.
நேற்று சிரித்தபோது பார்த்தேன்:
விரல்கள் சேர்ந்து, உதட்டில் படாமல்.

சொல்லிவிட வேண்டும் என்று
இன்று காலை அவள் பக்கம் திரும்பினேன்.
அதற்குள் அவள், செக்யூரிட்டி அடைக்கலம்
தூக்கத்தில் சல்யூட் அடித்த கதையைத்
தொடங்கிவிட்டாள்.
அடக்க முடியவில்லை.
இரண்டு கைகள் ஒன்றாக எழுந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
டோக்கன் முப்பத்தேழு,
என்ன விசயமென்று தெரியாமலே,
வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு தெரிய
எங்களோடு சேர்ந்து
சிரித்துக்கொண்டிருந்தாள்.